முதல் பாய்மரப் படகு: ரந்தாவிலிருந்து போர்ட்டிக்சனுக்கு எதைக் கொண்டுபோகலாம்?

செம்பனை நிழல்
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில், ஆலை ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். வயது 41. போன பள்ளி விடுமுறையில் மகளை (12 வயது) போர்ட்டிக்சன் கடற்கரையில் இரண்டு நாள் பாய்மரப் படகுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். பெரியவர்களுக்கும் இடம் இருந்தது, நானும் சேர்ந்துகொண்டேன். முதல் நாள் மதியம் காற்று பாயில் பிடித்து, எஞ்சின் சத்தம் எதுவுமில்லாமல் படகு நகர ஆரம்பித்தது. அடிப்பலகைக்குக் கீழே தண்ணீர் சலசலவென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

சொந்தமாக ஒரு சின்னப் படகு வாங்க நினைக்கிறேன். என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கார் பழைய புரோட்டோன் சாகா, ட்ரெய்லர் இழுக்கக் கொக்கி கிடையாது. வீட்டு முன்கூரை நாலரை மீட்டர் நீளம். கையில் 4,000 வெள்ளி (ரிங்கிட்) வரை இருக்கிறது. ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். தூக்குவதற்கு நானும் மகளும்தான், மனைவிக்கு முதுகுவலி. அப்பாவும் மகளும் ஒரே படகில் போக வேண்டும் என்பது ஆசை.

தேடிப் பார்த்தால் லேசர், சன்ஃபிஷ், ஆப்டிமிஸ்ட், மிரர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

கடற்காற்று
ஞாயிறு, இரவு 11.05

தம்பி, பெயர்களை அப்புறம் பார்ப்போம். போர்ட்டிக்சனில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குப் படகு சொல்லிக்கொடுக்கிறேன். படகு வாங்கிய குடும்பங்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்தும் கடற்கரையில் தென்படுபவர்கள் நல்ல படகு வாங்கியவர்கள் என்று சொல்ல முடியாது. வீட்டு வாசலிலிருந்து தண்ணீர் வரைக்கும் சுலபமாகக் கொண்டுவரக்கூடிய படகு வாங்கியவர்கள் அவர்கள். கூரையில் ஏற்று, கட்டு, ஓட்டு, இறக்கு, பாய்மரம் நடு, பாய் கட்டு, தண்ணீருக்குத் தள்ளு. திரும்பி வந்து இத்தனையும் தலைகீழாக, கூடவே நல்ல தண்ணீரில் கழுவும் வேலை. ஒரே ஒரு ஞாயிறு வைத்திருப்பவனுக்கு இந்தக் கணக்குதான் முதல் கணக்கு.

இரண்டாவது, ஒற்றைப் பாய். ஒரு பாய், அதை இழுக்கவும் விடவும் ஒரு பாய்க்கயிறு, படகைத் திருப்ப ஒரு சுக்கான், படகு பக்கவாட்டில் தள்ளிப்போகாமல் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு நடுப்பலகை, போதும். முன்பாய், பக்கக் கம்பிகள், மூன்றாவது பாய் எல்லாம் பிறகு வரட்டும். புதிதாகப் பழகுபவனுக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கன்னத்தாலும் காதாலும் உணர்வதே ஒரு வேலை. இரண்டு கையிலும் ஐந்து கயிற்றைக் கொடுத்தால் காற்றைக் கவனிக்க மாட்டான், முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

இப்போது நீ சொன்ன படகுகள்.

லேசர்: கனடாக்காரர் புரூஸ் கிர்பி வரைந்தது, 1971 முதல் விற்பனையில் இருக்கிறது. 4.2 மீட்டர் நீளம், பெரிய பாய் 7 சதுர மீட்டர், உடல் மட்டும் 59 கிலோ. 1996 முதல் ஒலிம்பிக்கில் உண்டு. நம் மலேசிய வீரர் கைருல்நிஸாம் அஃபெண்டி ஒலிம்பிக்கில் போட்டியிட்டது இந்த வகையில்தான். பாயின் அளவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்: ரேடியல் என்றால் ஏறக்குறைய 5.7 சதுர மீட்டர், இன்னும் சின்னது 4.7. உன் வயதுக்கு ரேடியல் பாய் போட்ட லேசர் அருமையான படகு. நீளமும் உன் கூரைக்கடியில் அடங்கும். ஆனால் 59 கிலோவை நீயும் 12 வயதுப் பிள்ளையும் சாகாவின் தலையில் எப்படி ஏற்றுவீர்கள்? அந்தக் கார் கூரை அந்த எடையைத் தாங்குமா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்.

சன்ஃபிஷ்: அமெரிக்காவில் 1950களில் வந்தது. தட்டையான உடல், பழைய அரபுக் கப்பல்களைப் போல முக்கோணப் பாய். இரண்டு பேர் உட்காரலாம், அவ்வளவு எளிது. என் கண்ணில் இங்கே பட்டது மிகக் குறைவு. ஒரு சுக்கான் உடைந்தால் மாற்றுக்கு அலைய வேண்டும்.

மிரர்: பிரிட்டனில் 1963 வாக்கில் வீட்டிலேயே இணைத்துச் செய்துகொள்ளும் ஒட்டுப்பலகைப் படகாக வந்தது. 3.3 மீட்டர், சிவப்புப் பாய். இரண்டு பேருக்கு நல்லது. ஆனால் பாய் இரண்டு.

ஆப்டிமிஸ்ட்: கிளார்க் மில்ஸ் 1947இல் ஃப்ளோரிடாவில் பிள்ளைகளுக்காக வரைந்தது. எட்டு அடி ஒட்டுப்பலகையில் செய்து முடிக்க வேண்டும் என்பது கணக்கு, அதனால்தான் நீளம் 2.3 மீட்டரோடு நிற்கிறது. உடல் 35 கிலோ, பாய் மூன்றரை சதுர மீட்டருக்கும் குறைவு. போட்டியில் 15 வயது வரை ஓட்டலாம். மகளுக்கு மிகப் பொருத்தம். உனக்கில்லை.

உன் ஆசையும் உன் காரும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை தம்பி. அதை முதலில் யோசி.

கெமாங் பையன்
திங்கள், காலை 7.15

அண்ணே, ஹோபி 16 பாருங்கள்! இரட்டை உடல் படகு, பறக்கும். நான் தெலுக் கெமாங்கில் ஒரு தடவை ஏறினேன், இன்னும் மறக்கவில்லை.

கடற்காற்று
திங்கள், காலை 7.50

பறக்கும், உண்மைதான். 145 கிலோ. கவிழ்ந்தால் நிமிர்த்துவதற்கு இரண்டு பெரிய ஆள் வேண்டும். அப்பாவும் 12 வயது மகளும் நடுக்கடலில் கவிழ்ந்து கிடப்பதை நான் நினைத்தும் பார்க்க விரும்பவில்லை. பழகியபின் போகட்டும்.

தச்சன் வீட்டுப் பிள்ளை
திங்கள், மாலை 6.20

செம்பனை அண்ணே, ஒர்க்‌ஷாப்பில் வேலை என்கிறீர்கள். கை வேலை தெரிந்தவர். ஏன் நீங்களே செய்யக் கூடாது?

என் அப்பா தோட்டத்துத் தச்சர். லயத்து வீடுகளுக்குக் கதவும் சன்னலும் செய்தவர். நானும் அவரும் நாலு வருடத்துக்கு முன் ஒரு ஒட்டுப்பலகைப் படகு செய்தோம். முறையை ஒரு தடவை பார்த்துவிட்டால் பயம் போய்விடும். 6 மில்லிமீட்டர் மெரின் ஒட்டுப்பலகையை (படகுக்கென்று செய்வது) வரைபடப்படி அறுக்க வேண்டும். ஓரங்களில் சின்ன ஓட்டை போட்டு, செப்புக் கம்பியாலோ பிளாஸ்டிக் பட்டையாலோ துணி தைப்பதுபோல் பலகைகளை இழுத்துக் கட்டினால், தட்டையாகக் கிடந்த பலகை கண்முன்னே வளைந்து படகு வடிவத்துக்கு வந்துவிடும். என் அப்பா அந்த இடத்தில் ஒன்றும் பேசாமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்மூலைகளில் எப்பாக்ஸிப் பசையையும் மரத்தூளையும் குழைத்துப் பூசி, மேலே கண்ணாடி இழை நாடா ஒட்ட வேண்டும். காய்ந்ததும் கம்பியை உருவிவிடலாம். மிரர் படகு வந்ததிலிருந்து இந்த முறை உலகம் முழுவதும் பரவியிருக்கிறது.

பலகையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வீடு கட்டுமிடத்தில் கான்கிரீட்டுக்கு அடைக்கும் பலகை வேண்டாம். நடு அடுக்குகளில் இடைவெளி இருக்கும், தண்ணீர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பிஎஸ் 1088 (படகுப் பலகைக்கான பிரிட்டிஷ் தரம்) முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மெராந்தி மரம் நம் ஊரில் கிடைப்பதுதான். பாயை முதலில் தார்ப்பாயில் வெட்டிக்கொள்ளலாம். பாய்மரத்துக்கு நேரான முற்றிய மூங்கில்கூட ஒரு வருடம் ஓடியது எங்களுக்கு.

செம்பனை நிழல்
திங்கள், இரவு 10.10

கடற்காற்று அண்ணே, நீங்கள் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இன்று மாலை 25 கிலோ உர மூட்டை இரண்டையும் ஒரு பத்து கிலோ அரிசி மூட்டையையும் ஒரு பலகையில் கட்டி, நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தோம். இடுப்பு வரைக்கும் வந்தது. கார் கூரை உயரத்துக்கு வரவே இல்லை. பிள்ளை முகம் சிவந்துபோனது. உடனே இறக்கிவிட்டேன். லேசர் வீட்டிலிருந்து போய்வர ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது.

கடற்கரையிலேயே வைத்துவிட்டால்? சிரம்பானில் ஒருவர் பழைய லேசர் ஒன்றை 2,500 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். படத்தில் பளபளவென்று இருக்கிறது.

லுக்குட் ராத்திரி ஷிப்ட்
செவ்வாய், காலை 3.30

நண்பரே, படத்தைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய லேசர், 2,200 வெள்ளி. விற்றவர் நன்றாகக் கழுவி, மெழுகு போட்டு வைத்திருந்தார். தண்ணீரில் விட்டதும் படகு சோம்பேறித்தனமாக நகர்ந்தது. கரைக்கு ஏற்றும்போது நாலு பேர் தேவைப்பட்டது. தராசில் நிறுத்திப் பார்த்தால் 78 கிலோ. உடலுக்குள்ளே 19 கிலோ தண்ணீர்! வெளியே ஊற்றிவிடக்கூடிய தண்ணீரும் இல்லை அது. உள்ளே மிதப்புக்காக வைத்திருக்கும் நுரை ஊறிப்போயிருந்தது. மேல்தளத்தில் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டி, மேசை விசிறியை அதன்மேல் கவிழ்த்து, இரண்டு மாதம் இராப்பகலாக ஓடவிட்டேன். பாதிதான் காய்ந்தது.

அப்போது தெரியாமல் போனவை இவை. போனதும் முதலில் நிறுத்துப் பாருங்கள், குளியலறைத் தராசு இரண்டு போதும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. அடுத்து மேல்தளத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கெட்டியாகக் கேட்கும், ஊறிய இடத்தில் பொத் என்று இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும். பாய்மரம் நிற்கும் குழியில் தண்ணீர் நிரப்பி, விற்பவரோடு தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அந்தப் படகு வேண்டாம். குழியடி உடைந்த படகில் பலத்த காற்றடித்தால் பாய்மரம் மேல்தளத்தைப் பிளந்துகொண்டு சாயும். கடைசியாக, பின்புற அடைப்பானைக் கழற்றி அந்த ஓட்டையில் வாயை வைத்து ஊதுங்கள், மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. காற்று பம்ப்பை மாட்டி அழுத்தாதீர்கள், மூட்டே விட்டுப்போகும்.

மூன்றாவது டிவிசன்
செவ்வாய், மதியம் 1.05

தம்பி, எல்லாரும் படகைப் பற்றியே பேசுகிறீர்கள். பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா?

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் காலத்தில் நீச்சல் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. கால்வாயில் விழுந்து போன பிள்ளையை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செம்பனை நிழல்
செவ்வாய், இரவு 8.30

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை, கேட்டதற்கு நன்றி. மகள் சிரம்பான் நீச்சல் குளத்தில் 50 மீட்டர் நீந்துவாள். நான் தட்டுத்தடுமாறி 20 மீட்டர். பயிற்சியில் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். சொந்தமாக எது வாங்குவது என்று தெரியவில்லை.

கடற்காற்று
செவ்வாய், இரவு 9.55

அக்கா கேட்டதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் விட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

மிதவைச் சட்டையில் அதன் மிதக்கவைக்கும் பலத்தைக் காட்ட நியூட்டன் என்று ஒரு எண் போட்டிருக்கும். 50 என்றால் நீந்தத் தெரிந்தவர்களுக்கு, கை கால் அசைக்க வசதியானது. அது முகத்தை வானம் பார்க்கத் திருப்பிவிடாது. 100 என்றால் பருமனாக, கழுத்துக்குப் பின்னால் பட்டையோடு இருக்கும். நீந்தத் தெரியாதவர்களுக்கு அதுதான். தம்பி, 20 மீட்டர் நீந்துகிற நீயும் இப்போதைக்கு 100 போடு. வாங்கும்போது மகளுக்கு மாட்டிவிட்டு, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பார். சட்டை காதுவரை ஏறினால் அளவு பெரிது. ‘அடுத்த வருடமும் போடலாம்’ என்று பெரிதாக வாங்குவது பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்குச் சரிவராது. காலிடுக்கில் போடும் பட்டை உள்ளதாகப் பார்.

கவிழ்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சின்னப் படகு கவிழும். அதை விபத்தாக நினைக்காமல் பாடமாக நினைக்க வேண்டும். என் பிள்ளைகளை முதல் நாளே மார்பளவுத் தண்ணீரில் நானே கவிழ்த்துவிடுவேன். படகை விட்டு நீந்திப் போகக் கூடாது, படகுதான் உன்னைவிடப் பெரிய மிதவை. சுற்றிப் பின்பக்கமாகப் போய், நடுப்பலகையைப் பிடித்துத் தொங்கி, அதன்மேல் ஏறி நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்தால் படகு மெதுவாக நிமிர்ந்து வரும். அதற்கு முன் பாய்க்கயிறு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுக்கிக் கட்டியிருந்தால் நிமிர்ந்த வேகத்தில் மறுபடி காற்று பிடித்து மறுபக்கம் சாய்க்கும். ஆப்டிமிஸ்ட்டில் நிமிர்ந்தபிறகு உள்ளே தண்ணீர் நிற்கும், இறைக்கும் குவளையைக் கயிற்றில் கட்டியே வைத்திருக்க வேண்டும். உள்ளே மூன்று காற்றுப்பைகள் இருக்கும். ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் அவற்றை அமுக்கிப் பார்.

போர்ட்டிக்சனில் வற்று நேரத்தில் வெகுதூரத்துக்கு ஆழமில்லை. லேசர் போன்ற உயரமான பாய்மரம் தலைகீழாகக் கவிழ்ந்தால் நுனி சேற்றில் குத்திக்கொள்ளும், வளைந்தும் போகும். ஏற்றம் வற்றம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், அடுத்த நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு காலை நிறைந்திருந்த கடல் அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் சேறாகக் கிடக்கும்.

தச்சன் வீட்டுப் பிள்ளை
புதன், மாலை 5.45

கடல் இவ்வளவு கணக்குப் பார்க்க வைக்கிறதே, தோட்டத்துப் பக்கம் ஈயம் தோண்டிய பழைய ஈயக்குட்டைகள் இருக்கின்றனவே, அங்கே பழகினால் என்ன?

கடற்காற்று
புதன், இரவு 10.20

வேண்டாம் தம்பி. இதில் நான் பிடிவாதமாகத்தான் சொல்வேன். ஈயக்குட்டையின் கரை படிப்படியாக இறங்காது. இரண்டு அடி வைத்தால் முழங்கால், மூன்றாவது அடியில் ஆள் ஆழம். கரை மணல் காலடியில் சரியும். படகைத் தள்ளிவிடுபவனுக்கே ஆபத்து. இன்னொன்று, சுற்றிலும் செம்பனை நின்றால் காற்று மரத்தில் மோதிச் சுழன்று, நிமிடத்துக்கு ஒரு திசையில் வரும். புதிதாகக் கற்பவனுக்கு ஒரே திசையில் நிதானமாக அடிக்கும் காற்றுதான் வேண்டும். அது கடற்கரையில் கிடைக்கும்.

காற்றைப் பற்றி விவரமாக எழுதுகிறேன். படகு வாங்குவதைவிட இது முக்கியம்.

நம் மேற்குக் கரையில் இரவில் நிலம் குளிர்ந்து, விடியற்காலை காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். அந்த நேரத்தில் புதியவன் இறங்கினால் போவது சுகம், திரும்புவதுதான் பாடு. பாய்மரப் படகு காற்றை நேராக எதிர்த்துப் போகாது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 45 பாகை விட்டு, குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்துதான் வர வேண்டும். அந்தத் திருப்பம் கைவராதவன் கரையைப் பார்த்துக்கொண்டே தள்ளிப்போவான். முற்பகலில் நிலம் சூடேறியதும் காற்று ஓயும். பிறகு 11 மணிக்கு மேல் கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். பிற்பகலில் அதுதான் நல்ல காற்று. கரைக்கு அடிப்பதால் எது தவறினாலும் கரையில் கொண்டுவந்து சேர்க்கும். மணிக்கு 7 முதல் 10 கடல் மைல் வேகக் காற்று உனக்குப் போதும். அலைத்தலையில் வெள்ளை நுரை அங்கொன்றும் இங்கொன்றும் தெரிய ஆரம்பித்தால் திரும்பிவிடு.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. அதைச் ‘சுமத்ரா’ என்போம். தென்மேற்குப் பருவக் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களிலும் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து வரும் இடிமழை வரிசை. பெரும்பாலும் விடிகாலையிலிருந்து முற்பகலுக்குள் வரும். ஒரு தடவை காலை எட்டரை மணிக்கு நான் ஆறு ஆப்டிமிஸ்ட்களோடு தண்ணீரில் இருந்தேன். மேற்கே அடிவானத்தில் ஒரு கரிய பட்டை, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல். காற்று சட்டென்று நின்றது. பாய்கள் தொங்கின. பிறகு முகத்தில் குளிர்ச்சி பட்டது, பனிப்பெட்டியைத் திறந்தால் வருமே, அப்படி. அந்தக் குளிர்ச்சிக்கும் அடி விழுவதற்கும் நடுவில் ஐந்து நிமிடம்கூட இல்லை. எல்லாப் பிள்ளைகளையும் பாயின் குறுக்குக் கழியைக் கழற்றச் சொன்னேன். ஆப்டிமிஸ்ட்டில் அதைக் கழற்றினால் பாய் மேல்பாதி மடிந்து விழுந்துவிடும், காற்றின் பிடி பாதியாகும். ஒன்றோடொன்று கட்டி மோட்டார் படகில் இழுத்துக் கரை சேர்த்தோம். கடைசிப் பிள்ளையைத் தூக்கி மணலில் வைத்தபோது எதிரே நின்ற ஆளைக்கூடத் தெரியவில்லை, அப்படி மழை.

அதனால் ஞாயிறு காலை வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு ரந்தாவை விட்டுப் புறப்படு. இடி கேட்டால் இறங்காதே. பாய்மரம் அலுமினியம்.

ராஜூலா பேரன்
வியாழன், காலை 10.00

பிள்ளைகளா, படித்துக்கொண்டே வருகிறேன். எனக்கு வயது 73. படகு ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் சொல்ல ஆசை.

எங்கள் தாத்தா நாகப்பட்டினத்துக் கரையோரத்துக்காரர். ராஜூலா கப்பலில் ஏறிப் பினாங்கு வந்து இறங்கியவர். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். சாகும்வரை ஒரு படகில் கால் வைக்கவில்லை. ஆனால் மாலையில் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்செல்லாம் கடல்தான். படகின் முன்முனையை அணியம் என்பார், பின்பக்கத்தைக் கடையால் என்பார். நீங்கள் பாய்க்கயிறு என்று எழுதுகிறீர்களே, அதற்கு அவர் சொல்லும் பெயர் தாமான். வடக்கேயிருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான். தம்பி கடற்காற்று பிற்பகலில் வரும் என்கிறாரே, அது எங்கள் தாத்தா பேச்சில் கச்சான்தான்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை கடலிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் வாழ்ந்தும், கடற்கரைக்குப் போவது குளிக்கவும் பொட்டலம் பிரித்துச் சாப்பிடவும் மட்டும்தான். இந்தத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று பாய் பிடிக்கப் போகிறது என்று படித்ததும் மனது நிறைந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு இந்தச் சொற்களையும் சொல்லிக்கொடுங்கள்.

செம்பனை நிழல்
வியாழன், இரவு 9.15

ஐயா, உங்கள் பதிவை மகளுக்குப் படித்துக் காட்டினேன். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். தாமான் என்றதும் “நம்ம வீடமைப்புத் தாமானா?” என்று கேட்டாள். இல்லை, இது வேறு தாமான் என்றேன்.

சிரம்பான் லேசரைப் போய்ப் பார்த்தேன். பாய்மரக் குழியில் தண்ணீர் ஊற்றினேன். பத்து நிமிடத்தில் விரற்கடை அளவு இறங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். லுக்குட் நண்பருக்கு 2,500 வெள்ளி கடன்பட்டிருக்கிறேன்.

லுக்குட் ராத்திரி ஷிப்ட்
வெள்ளி, காலை 4.10

கடனெல்லாம் வேண்டாம். நான் பட்டது உங்களுக்கு உதவியதே, போதும்.

செம்பனை நிழல்
ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.00

எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். வாங்கிவிட்டோம்.

ஆப்டிமிஸ்ட். பைபர் உடல், பிள்ளை வளர்ந்துவிட்டதால் ஒரு குடும்பம் கொடுத்தது, 1,600 வெள்ளி. நிறுத்தோம், 37 கிலோ. தட்டினோம், எங்கும் பொத்தென்று கேட்கவில்லை. ஒரு காற்றுப்பை மட்டும் கசிந்தது, மாற்றிவிட்டேன். நானும் மகளும் கார் கூரையில் ஏற்ற நாலு நிமிடம். முதலில் அணியத்தைக் கூரைக் கம்பியில் சாய்த்து, பிறகு கடையாலைத் தூக்கித் தள்ளுகிறோம். அப்படிச் செய்தால் யாரும் முழு எடையைத் தாங்க வேண்டியதில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும் என்ற என் ஆசை தள்ளிப்போனது. முதல் வாரம் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஆறு ஞாயிறில் ஐந்து ஞாயிறு கடலில் இருந்தோம், ஒன்று மழை. லேசர் வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது.

முதல் நாள் அணியத்தில் மிதக்கும் கயிறு ஒன்றைக் கட்டி, அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். பாயைப் பாய்மரத்தோடு கட்டும் சின்னச் சின்னக் கயிறுகளை ஒவ்வொன்றாக அவளே முடிந்தாள், என்னைத் தொடவிடவில்லை. 12 மணிக்கு மேல் கச்சான் எழுந்தது. சுக்கானை மறந்துபோய் பாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், படகு காற்றுக்கு நேரே திரும்பி, பாய் படபடவென்று அடித்து நின்றுவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்து, கொஞ்சம் பின்னால் நகரவிட்டு, பிறகு தாமானை இழுத்தாள். பாய் உப்பியது. கயிறு என் கையில் விறைத்தது. “விடுப்பா, விடு” என்று கத்தினாள். விட்டேன்.

மூன்றாவது ஞாயிறு கவிழ்ந்தாள். நடுப்பலகையில் ஏறி நின்று தானே நிமிர்த்தினாள். குவளையால் இறைத்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பாதித் தூரம் தண்ணீரில் ஓடியிருந்தேன். 100 நியூட்டன் சட்டை போட்டுத்தான் அக்கா, கவலைப்படாதீர்கள்.

இப்போது என் படகுக்கு வருகிறேன். தச்சன் வீட்டுத் தம்பி சொன்னதுபோல் இரண்டு பேர் உட்காரும் ஒட்டுப்பலகைப் படகு ஒன்றைத் தொடங்கிவிட்டேன், ஒற்றைப் பாய், 3.3 மீட்டர். பலகைகளைத் தைத்து முடித்தாகிவிட்டது. ஒரு சந்தேகம். நேற்று இரவு எப்பாக்ஸி பூசினேன், மழை பெய்துகொண்டிருந்தது. காலையில் தொட்டால் காய்ந்திருக்கிறது, ஆனால் மேலே மெழுகு தடவியதுபோல் வழவழப்பு. கெட்டுப்போய்விட்டதா? சுரண்டிவிட்டுத் திரும்பப் பூச வேண்டுமா?

தச்சன் வீட்டுப் பிள்ளை
ஞாயிறு, இரவு 8.25

கெட்டுப்போகவில்லை அண்ணே. ஈரக் காற்றில் காயும்போது மேலே அப்படி ஒரு படலம் வரும். அதன்மேல் நேராக உப்புத்தாள் போடாதீர்கள், தாள் அடைத்துக்கொள்ளும், படலமும் உள்ளே தேய்ந்து இறங்கும். முதலில் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியால் துடையுங்கள். கையில் வழவழப்பு போகும்வரை இரண்டு தடவை கழுவுங்கள். முழுவதும் உலர்ந்தபிறகு 80ஆம் நம்பர் உப்புத்தாள், தூசியைத் துடைத்துவிட்டு அடுத்த பூச்சு. மழை நாளில் மாலைக்குமேல் பூசாதீர்கள், காலை பத்து மணிக்குப் பூசுங்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா? பாய்மரத்துக்கு ஒரு மூங்கில் பார்த்து வைத்திருக்கிறார்.